துருவைக் காட்டி சாஃப்ட்னர் விற்கும் புண்ணியவான்களுக்கு

தண்ணீரை மென்மையாக்கும் மெஷினான சாஃப்ட்னர் விற்க, சிங்கப்பூரில் மறுபடியும் கடை விரித்துவிட்டார்கள். புளோக்குக்குக் கீழே ஒரு மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, இரண்டு கண்ணாடி டம்ளர், நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மின்கருவி. பின்னால் டை கட்டிய தம்பி. சுற்றிலும் சந்தையிலிருந்து திரும்பும் ஆன்ட்டிமார், கையில் கீரைக்கட்டோடு. அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் தீருவேன், இல்லையென்றால் வயிறு எரிகிறது.

முதல் டம்ளரில் குழாய்த் தண்ணீர். "இது உங்க வீட்டுத் தண்ணிதானே ஆன்ட்டி? நான் ஒண்ணும் கலக்கலையே?" கலக்கவில்லைதான். இரண்டாவது டம்ளரில் "எங்க மெஷின் தண்ணி". இரண்டிலும் கம்பிகளை இறக்கி சுவிட்சைப் போடுகிறார். பத்து விநாடிவரை ஒன்றுமில்லை. பிறகு முதல் டம்ளரில் கம்பியைச் சுற்றி மஞ்சளாக ஒரு புகை. அது பச்சையாகி, பழுப்பாகி, அரை நிமிடத்தில் சாக்கடைக் கறுப்பில் நுரை தள்ளுகிறது. இரண்டாவது டம்ளரோ கங்காதீர்த்தம் மாதிரி அசையாமல் இருக்கிறது. தம்பி வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்துக்குத்தான் அவருக்குக் கமிஷன். கடைசியில் மெதுவாக, "இதைத்தான் ஆன்ட்டி பேரப்பிள்ளைக்குப் பாலில் கலந்து கொடுக்கிறீங்க."

அடப் பாவி! அந்தக் கறுப்பு தண்ணீரில் இருந்ததே இல்லை. உன் கம்பியில் இருந்தது. ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு கம்பி இரும்பு, ஒரு கம்பி அலுமினியம். குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் தாது உப்பு கரைந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது. பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கிறது. மற்ற டம்ளரில் உப்பே இல்லாத ஆர்ஓ தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ இருக்கும். அதில் மின்சாரம் பாயாது, கம்பி கரையாது. மறுமுறை பார்த்தால் அந்தச் சுத்தமான டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போடச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் அதுவும் சாக்கடையாகிவிடும். தம்பியின் முகமும் அதே நிறத்துக்கு வரும். விரலை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள், 230 வோல்ட்டில் செருகியிருக்கிறார்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. இத்தனை நாடகமும் எதை விற்க? சாஃப்ட்னரை! சாஃப்ட்னர் செய்வது ஒரே வேலை. கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு சோடியத்தை விடுகிறது. ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம். தண்ணீரில் கரைந்தது குறையவே குறையாது. தண்ணீரில் கரைந்தது மொத்தம் எவ்வளவு என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதாவது அவர் விற்கும் மெஷினிலிருந்து வரும் தண்ணீரை அதே டம்ளரில் ஊற்றி சுவிட்சைப் போட்டால், அதுவும் கறுக்கும்! தன் சரக்கைத் தானே தோற்கடிக்கும் சோதனையை மேசை போட்டு நடத்தும் ஒரே வியாபாரம் இதுதான். டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கடினத்தன்மை, அதாவது அந்தக் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு சொல்வது, எடை மெஷினில் ஏறி நின்று ரத்தக்கொதிப்பு பார்ப்பது மாதிரி.

சரி, கடினத்தன்மையை நிஜமாகவே பார்க்க வேண்டுமா? வண்ணமீன் கடைக்குப் போங்கள். ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை) டெஸ்ட் கிட் என்று ஒரு சின்ன பாட்டில் கிடைக்கும். சோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்போ ஆரஞ்சோ பச்சையாக மாறும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். பெரும்பாலான கிட்டில் ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் டிகிரி, அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். 60க்குள் என்றால் மென்னீர். 120வரை நடுத்தரம். 180ஐத் தாண்டினால்தான் மிகக் கடினம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் பொதுவாக மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் நடுவில் நிற்பது. நீர்த்தேக்கம், ஜோகூர்த் தண்ணீர், கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டர், கடல்நீரைச் சுத்திகரித்தது என்று நாலு வழியில் வரும் தண்ணீரில் சுண்ணாம்புப் பாறை எங்கிருந்து வந்து குதிக்கும்?

சுண்ணாம்பு வராது, யோசனைதான் வரும், சென்னையிலிருந்து, சித்தப்பா வாட்ஸப்பில். "எங்க ஃப்ளாட்டுல சாஃப்ட்னர் வச்சப்புறம் முடி கொட்டுறது நின்னுபோச்சு, நீயும் வை." சித்தப்பா, உங்களுடையது போர்வெல் தண்ணீர். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தில் கடினத்துக்கு விரும்பத்தக்க அளவு 200, வேறு வழியில்லாவிட்டால் 600வரை. போர்வெல் அதையும் தாண்டிக் கொட்டும். உங்களுக்கு அது அவசியம். சிங்கப்பூரில் செங்காங் பத்தாவது மாடிக்கு அது எதற்கு? உங்கள் முடி கொட்டுவதற்கு வயது காரணம் என்று யார் உங்களிடம் சொல்வது?

நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள், அதாவது ஊரில் வீடு கட்டுகிறவர்கள், கணக்குப் போட்டு வாங்குங்கள். நாலு பேர், ஆளுக்கு 140 லிட்டர், நாளுக்கு 560 லிட்டர். கடினம் 600 என்றால் தினமும் 336 கிராம் பிடிக்க வேண்டும். மெஷினுக்குள் கால்சியத்தைப் பிடிக்கும் மணிகளுக்கு ரெசின் என்று பெயர், ஒரு லிட்டர் ரெசின் ஒரு சுற்றில் ஏறக்குறைய 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் மூன்றரை நாளைக்கு வரும். அதன்பின் உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், ஒவ்வொரு முறையும் மூன்று, மூன்றரை கிலோ உப்பு. அயோடின் கலந்த சமையல் உப்பும் மண் ஒட்டிய கல்லுப்பும் ஆகாது. சாஃப்ட்னருக்கென்றே வரும் வில்லை உப்பு வாங்குங்கள். தொட்டியில் மேலே உப்பு கெட்டித்துக் கீழே வெற்றிடம் விழுந்திருந்தால், மெஷின் உப்பில்லாமலே கழுவிக்கொண்டிருக்கும். குச்சியால் குத்திப் பாருங்கள். குடிக்கும் குழாயைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். நூறு மில்லிகிராம் கடினத்தை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் ஏறுகிறது, 600க்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். வீட்டில் ரத்தக்கொதிப்புக்காரர் இருந்தால் கட்டாயம் பிரிக்க வேண்டும்.

இதே மெஷினைச் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வைத்தால் என்ன ஆகும்? கழிவுநீர் போகக் குழாய் வேண்டும், குளியலறைத் தரையில் பாதி இடம் போய்விடும். ஒவ்வொரு கழுவலுக்கும் பல பத்து லிட்டர் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகும், ஆயிரம் லிட்டர் 3.24 வெள்ளி விற்கிற ஊரில்! போதாததற்கு நம் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரமின் இருக்கிறது. அது ரெசினை மெல்ல மெல்ல அரித்து உதிர வைக்கும். முன்னால் கார்பன் ஃபில்டர் ஒன்று போட வேண்டும் என்று தம்பி இரண்டாவது பில்லோடு வருவார். அந்தக் கார்பன் மட்டுமோ, அல்ட்ரா ஃபில்டர் மட்டுமோ உள்ள டப்பாவுக்கு "சாஃப்ட்னர்" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் தனி ஜாதி. இரண்டாலும் ஒரு மில்லிகிராம் கால்சியத்தைக்கூடப் பிடிக்க முடியாது. குழாயில் மாட்டும் காந்தத்தைப் பற்றி நான் பேசமாட்டேன், எனக்கே கொதிப்பு ஏறிவிடும்.

"ஆனா கெட்டில்ல வெள்ளையா படியுதே?" படியட்டும்! கொதிக்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பு பிரியத்தான் செய்யும். கேக் சாமான் கடையில் சிட்ரிக் அமிலப் பொடி கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குக் குவித்த ஒரு மேசைக்கரண்டி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டினால் போய்விடும். கொதிக்க வைக்காதீர்கள், வேறு விதமான வெள்ளைப் படிவு உட்கார்ந்துவிடும். ஷவர் தலையை வினிகர் பையில் முக்கி ரப்பர்பேண்டு போட்டு இரவு விட்டால் போதும். மொத்தச் செலவு இரண்டு கோப்பி காசு.

தம்பி அழைக்காமலே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிவிட்டாரா? நேரடி விற்பனை ஒப்பந்தத்தை 5 நாளுக்குள் ரத்து செய்யலாம், சனி ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் வராது. எழுத்தில் அனுப்புங்கள். ஃபோனில் சொன்னால் "மேனேஜர் லீவு" என்பார். "நாங்க பொதுப் பயனீட்டுக் கழகத்திலேர்ந்து வர்றோம்" என்றால் கதவையே திறக்க வேண்டாம். தண்ணீர் வழங்கும் அந்த அரசுக் கழகம் ஃபில்டர் விற்பதில்லை.

அதிருக்கட்டும். சுண்ணாம்பையாவது அமிலம் கரைத்துவிடும். வீட்டு கேட்டில் டபுள் டேப் போட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறார்களே, ஏர்கான் சர்வீஸ், டியூஷன், பூட்டு ரிப்பேர், அந்தப் பசைக்கு எந்த அமிலம்? வினிகர் தோற்றது, சிட்ரிக் தோற்றது. தேங்காயெண்ணெய் தடவிப் பதினைந்து நிமிடம் விட்டுச் சுரண்டினால்தான் வரும். பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுத் துடைக்க வேண்டும். அப்படித் துடைத்துப் பளபளவென்று வைத்த இடத்தில்தான் மறுநாள் நோட்டீஸ் இன்னும் பலமாக ஒட்டுகிறது.