விசைத்தறிக்காரர் கூடிப் பேசலாம், டாக்டர் கூடாதா?

சின்ன ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு ரேட் பேசச் சட்டம் வழிவிட வேண்டும். கோபி பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் இன்சூரன்ஸ் டெஸ்க் பார்க்கிறேன். நன்றாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பெனியிலிருந்து ஒப்பந்தம் வரும்போதே அப்பெண்டிக்ஸுக்கு இவ்வளவு, சிசேரியனுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் ரேட் போட்டுத்தான் வரும். கையெழுத்துப் போட்டால், நோயாளிக்குப் பதிலாகக் கம்பெனியே நேராகப் பில் கட்டும் கேஷ்லெஸ் லிஸ்டில் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. நர்ஸ் சம்பளமும் கரண்ட் பில்லும் ஏறினாலும் பழைய ரேட்டே ஓடும். ஏற்றிக் கேட்டு மெயில் போட்டால் பதில் வராது. இருபது படுக்கை வைத்திருக்கிறவர் "உங்க கேஷ்லெஸ் வேண்டாம்" என்றால் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கோவை அவிநாசி ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரி அதையே சொன்னால் உடனே ஆள் அனுப்பிப் பேசுவார்கள்.

இதில் நோயாளிக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மாவுக்கு டாக்டர் காலையிலேயே டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார். பில், சம்மரி எல்லாம் அப்லோட் செய்தேன். மத்தியானம் ஒரு க்வெரி: பிரஷர் எத்தனை வருஷமாக இருக்கிறது, முதன்முதலில் பார்த்த டாக்டரின் சீட்டு வேண்டும். சீட்டைத் தேடி மகன் அந்தியூருக்கு வண்டியில் ஓடினான். வீட்டுக்காரர் என் மேஜைக்கு முன்னால் நின்று, "ஏனுங்க, காத்தாலயே போலாம்னாருங்களே, இன்னும் எத்தன நேரமுங்க?" என்கிறார். இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. அன்றைக்கு அனுமதி வந்தபோது இருட்டிவிட்டது. என் ஒரு டெஸ்க்கிலிருந்து புகார் போனால் யாருக்கு உறைக்கும்?

சொந்தமாக ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் சட்டத்தின் கணக்கில் ஒரு தொழில் நிறுவனம். நிறுவனங்கள் கூடி விலை பேசினால் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு பாயும். நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது? நான்கு பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனிகளும் 2010 முதல் பிபிஎன் (ஒப்பந்த ஆஸ்பத்திரிகளின் பொதுப் பட்டியல்) என்ற பெயரில் சேர்ந்தே ஆஸ்பத்திரிகளிடம் ரேட் பேசுகின்றன. கேரள அரசின் ஏழைகளுக்கான காப்பீட்டு டெண்டரில் தங்களுக்குள் பேசிவைத்து விலை கொடுத்ததாக இதே நான்குக்கும் 2015-இல் போட்டி ஆணையம் 671 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் தொகை வெகுவாகக் குறைந்தது, அது வேறு விஷயம்.

நம் ஊரில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர் யாரிடமும் சம்பளம் வாங்குபவர் இல்லை. தறி அவருடையது, கடன் அவருடையது. பாவு நூல் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளரிடம் ஒற்றை ஆளாகப் போய் நின்றால் கூலி ஏறாது என்பதால் சங்கமாகப் பேசுகிறார்கள். 2025-இல் ஒரு மாதம் தறியை நிறுத்தினார்கள். அரசு நடுவில் உட்கார்ந்து சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. அவர்கள் கூடிப் பேசியதை நியாயம் என்றுதானே நாம் எல்லோரும் சொன்னோம்?

ஜெர்மனியில் இது நூறு வருஷத்துக் கதை. காப்பீட்டு நிதியங்கள் வைத்ததே சட்டம் என்றிருந்த காலத்தில், 1900-இல் லைப்சிக் நகரில் டாக்டர்கள் சங்கம் வைத்தார்கள். 1931-இல் சட்டமே அவர்கள் சார்பில் பேச அமைப்புகளை உண்டாக்கியது. இன்றும் அங்கே கட்டணம் கூட்டாகத்தான் பேசப்படுகிறது.

டாக்டர்கள் கூடினால் பில் ஏறும், பிரீமியம் ஏறும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் பேச்சுவார்த்தை அரசு மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்கிறேன். பேசி முடித்த ரேட்டை ரிசப்ஷன் சுவரில் ஒட்ட வேண்டும், அதற்கு மேல் நோயாளியிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது, எந்தச் சண்டையிலும் எமர்ஜென்சியை நிறுத்தக் கூடாது. இதற்கு ஒப்பாத டாக்டருக்காக நான் பேசவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1999-இல், அட்டர்னி ஜெனரல் ஒப்புதலோடு டாக்டர்கள் சேர்ந்து பேசலாம் என்று சட்டம் போட்டது. இங்கேயும் அப்படி ஒரு வாசல் திறக்கலாம்.

சட்டம் மாறும்வரை ரேட்டைத் தொடாமல் பேச நிறைய இருக்கிறது: தாமதம், தேவையில்லாத க்வெரி, காரணம் சொல்லாமல் பில்லில் பிடிக்கிற டிடக்‌ஷன். கோபி, சத்தி, பவானி, அந்தியூர் டாக்டர்கள் ஒரு நல்ல வக்கீலை வைத்துக்கொண்டு ஐஎம்ஏ (இந்திய மருத்துவச் சங்கம்) கிளைகள் மூலம் முதல் கடிதத்தை எழுதுங்கள். எந்த க்வெரி எப்போது வந்தது, பணம் எத்தனை நாள் கழித்து வந்தது என்ற விவரமெல்லாம் எங்கள் டெஸ்க்குகளில் இருக்கிறது. நோயாளி பெயரை நீக்கிவிட்டு எடுத்துத் தருகிறோம்.