பிரேசிலியன் ஜியு-ஜிட்சு நேரா சாமுராய்கிட்ட இருந்து வரல

மேல ஒருத்தர் "பிஜேஜே (பிரேசிலியன் ஜியு-ஜிட்சு) சாமுராய் காலத்து ஜுஜுட்சுல (ஜப்பானோட பழைய தற்காப்புக் கலை) இருந்து நேரடியா வந்தது, ஜூடோவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல"னு போட்டிருக்காரு, அது தப்புங்க. பிரேசிலுக்கு இதக் கொண்டு போன மிட்சுயோ மயேதா, ஜிகோரோ கானோ ஆரம்பிச்ச ஜூடோ பள்ளியான கோடோகான்ல ஜூடோ கத்துக்கிட்டவர், 1914ல அங்க போய் இறங்கினாரு, அவர்கிட்டதான் பிஜேஜேவ வளத்த கிரேசி குடும்பத்து கார்லோஸ் கிரேசி கத்துக்கிட்டதா அவங்க குடும்பமே சொல்லுது. அப்போ ஜப்பானுக்கு வெளிய ஜூடோவையே 'கானோ ஜியு-ஜிட்சு'னுதான் கூப்பிட்டாங்க, குழப்பமே இந்தப் பேர்லதான் ஆரம்பிக்குது.

பழைய ஜுஜுட்சு வேற மாதிரி. 1532ல தொடங்கின தகேனோஉச்சி-ரியூ மாதிரி பள்ளிகள்ல கவசம் போட்ட எதிரிய மடக்கிப் பிடிக்கறது, குட்டிக் கத்தியோட சண்ட போடறதெல்லாம் உண்டு, பயிற்சி பெரும்பாலும் ரெண்டு பேர் முன்கூட்டியே முடிவு பண்ணின அசைவுகள செய்யற கட்டாதான். ஜிகோரோ கானோ தென்ஜின் ஷின்யோ-ரியூ, கிட்டோ-ரியூ ரெண்டும் படிச்சுட்டு 1882ல கோடோகான ஆரம்பிச்சப்போ, ஆபத்தான அடி உதையெல்லாம் கட்டாவுல மட்டும் வச்சுட்டு, முழு பலத்தோட எதிர்த்துப் பிடிக்கற ரன்டோரிக்கு முக்கியத்துவம் குடுத்தாரு, என்னப் பொறுத்தவர அதுதான் பெரிய திருப்பம், இன்னிக்கு பிஜேஜே ஸ்பாரிங் (பயிற்சிச் சண்ட) அந்த வழிலதான் வருது.

கிரேசி குடும்பத்தோட பங்க நான் குறைக்கல, கீழ படுத்துக்கிட்டு கார்டுல (எதிரிய கால்களால கட்டுப்படுத்தற நிலை) இருந்து சண்ட போடறத அவங்க வளத்த அளவுக்கு யாரும் வளக்கல. ஆனா கைய முறுக்கிப் பூட்டற 'கிமுரா' லாக் பேர பாருங்க, 1951ல ரியோவோட மரக்கானா ஸ்டேடியத்துல கார்லோஸோட தம்பி எலியோ கிரேசிய அதே பூட்டால ஜெயிச்ச மசாஹிகோ கிமுரா பேரு அது, அவரும் ஜூடோக்காரர்தான்.