எடுத்தவரைத் திரும்பப் போட முடியாது

ரொறன்ரோ புளூ ஜேஸுக்குப் பந்து போடுகிற ஜெஃப் ஹோஃப்மனைத் திட்டுவதை இனியாவது நிறுத்துங்கள். பேஸ்பால் பார்க்கிற நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், அந்த ஒரு பந்துதான் பேச்சு. நான் கொஞ்ச நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

2025 நவம்பர் 1, மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் புளூ ஜேஸ் 4-3 என்று முன்னால் நிற்கிறது. 1993க்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வராத கிண்ணத்துக்கு இன்னும் இரண்டு அவுட் தேவை. எதிரணியான லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் கடைசி இடத்தில் அடிக்கிற மிகேல் றோஹாஸுக்கு ஹோஃப்மன் போட்ட, வளைந்து இறங்கவேண்டிய ஸ்லைடர் இறங்காமல் நடுவிலேயே நின்றுவிட்டது. பந்து வேலியைத் தாண்டியது. ஹோம் ரன். 4-4. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு ஹோலில் பதினொரு பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்று முடிந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்றுதான் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னால் வைக்கிற இரவு. அந்தக் கூடுதல் மணிநேரத்தையும் நானும் அண்ணாவும் குசினியில் உட்கார்ந்து இதைப் பேசியே கழித்தோம்.

ஹோஃப்மன் பந்தைத் தவறாகப் போட்டார், அதை அவரே மறைக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கேட்டவர்களிடம் பழியை முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் அவர் அன்று எட்டாவது இன்னிங்ஸிலேயே களத்துக்கு வந்துவிட்டவர். பன்னிரண்டு நாட்களுக்கு முன், சியாட்டிலுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹூலியோ றொட்ரிகெஸை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆக்கி எங்களை உலகத் தொடருக்குக் கொண்டுபோனதும் இதே ஆள்தான். அன்று தோளில் தூக்கி வைத்தவர்கள் இன்று இறக்கிவிட்டார்கள். நான் இறக்க மாட்டேன்.

என் குறை வேறு. அதைச் சொல்ல இரண்டு வருடம் பின்னால் போகவேண்டும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். பேஸ்பாலை எங்களுக்காகத்தான் பார்க்கத் தொடங்கினார். 2023 அக்டோபரில் மினசோட்டாவில் நடந்த, பிளேயோஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்ட் ஆட்டத்தில் எங்கள் ஹொசே பெரியோஸ் பந்து போட்டுக்கொண்டிருந்தார். மூன்று இன்னிங்ஸ், ஓட்டம் இல்லை, ஐந்து ஸ்ட்ரைக் அவுட். நான்காவது இன்னிங்ஸின் முதல் ஆளுக்கு ஒரு வோக், அதாவது அடிக்காமலே முதல் பேஸ், கொடுத்தார். உடனே எங்கள் மேனேஜர் ஜோன் ஷ்னைடர் வெளியே வந்து பந்தை வாங்கிக்கொண்டார். பெரியோஸ் போட்டது வெறும் 47 பந்துதான். இடதுகை பிட்ச்சர் யூஸெய் கிகுச்சியைக் கொண்டுவந்து எதிரணியின் பேட்டிங் வரிசையைக் குழப்புவது முன்கூட்டியே எழுதிவைத்த திட்டம். அந்த இன்னிங்ஸில் இரண்டு ஓட்டம் போனது. 2-0 என்று தோற்று, அந்த வருடம் அங்கேயே முடிந்தது.

ஆறாவது இன்னிங்ஸ் போலப் போகும்போது அப்பா கேட்டார்: “சரி, அந்தப் பெடியன் நல்லாத்தானே போட்டவன், திரும்பக் கூப்பிட்டால் என்ன?”

முடியாது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை நிறுத்திவைத்து, பத்து ஓவர் கழித்துத் திரும்பக் கொண்டுவரலாம். பேஸ்பாலில் வெளியே எடுத்தவர் எடுத்தவர்தான். அன்றைக்கு அவர் திரும்பி வர வழியே இல்லை. பந்து போடுபவருக்கும் அப்படித்தான், அடிப்பவருக்கும் அப்படித்தான். இது எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆனால் இதன் கனம் மேனேஜர்களுக்குத் தெரிகிறதா என்பது எனக்குச் சந்தேகம். ஒருவரைப் போடுவதற்கு நூறு காரணம் இருக்கலாம். எடுப்பதற்கு இருநூறு காரணம் இருக்கவேண்டும்.

ஷ்னைடரைப் பற்றி நியாயமாகவும் சொல்லவேண்டும். அந்த மினசோட்டா இரவுக்குப் பிறகு அவர் மாறினார். 2025 சியாட்டில் தொடரின் நான்காவது ஆட்டத்தில் பந்து போட்டவர் மக்ஸ் ஷெர்ஸர். 41 வயது. அதற்கு முந்தைய யாங்கீஸ் தொடருக்கான அணியில் அவருக்கு இடமே கொடுக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் ஷ்னைடர் வெளியே நடந்து வருகிறார், ஷெர்ஸர் அவருடைய முகத்துக்கு நேரே சத்தம் போடுகிறார். ஷ்னைடர் திரும்பிப் போய்விட்டார். ஷெர்ஸர் அடுத்த ஆளை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி அந்த இன்னிங்ஸை முடித்தார். அன்று 8-2 வெற்றி. 2023இல் இருந்த ஷ்னைடர் பந்தை வாங்காமல் திரும்பியிருக்கமாட்டார். கையில் இருக்கிற தாளைப் பார்க்காமல் எதிரே நிற்கிற மனிதனின் கண்ணைப் பார்த்து எடுத்த முடிவு அது. அந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

இளம் பிட்ச்சர் ட்ரே யெஸாவெஜ் விஷயத்திலும் அவருக்கு முழு மதிப்பெண். அந்தப் பெடியன் 2025 வசந்தத்தில் டனீடினில், மைனர் லீக்கின் கீழ்ப்படி ஒன்றில் தொடங்கினான். வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ என்று ஒரே வருடத்தில் ஏறி, செப்டம்பர் 15இல் முதல் முறையாக மேஜர் லீக்கில் பந்து போடுகிற மேட்டில் நின்றான். 22 வயது. கையை உச்சிக்குக் கொண்டுபோய் மேலிருந்து விடுகிற பந்து. ஸ்ப்ளிட்டர் என்கிற அவன் பந்து மேசை விளிம்பிலிருந்து விழுகிற கண்ணாடிபோல் விழும். யாங்கீஸுக்கு எதிராக ஐந்தேகால் இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ஹிட் கூட விடாமல் 11 ஸ்ட்ரைக் அவுட் எடுத்திருந்தபோது, 78 பந்தில் ஷ்னைடர் அவனை வெளியே எடுத்தார். அரங்கம் முழுக்க ஊவென்றது. நான் ஊவென்று கத்தவில்லை. பெரிய முன்னிலை இருந்தது, பெடியனின் கை இன்னும் மூன்று வாரம் வேலை செய்யவேண்டியிருந்தது. எடுப்பதற்குக் காரணம் இருந்தது. அப்படிச் சேமித்த கைதான் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் போட்டு, ஒரு வோக் கூடக் கொடுக்காமல் 12 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தது. உலகத் தொடரில் ஒரு புதுமுகம் இத்தனை எடுத்தது அதுவே முதல் தடவை.

இப்போது என் குறைக்கு வருகிறேன். பந்து போடுபவர்களிடம் கற்ற பாடத்தை ஷ்னைடர் அடிப்பவர்களிடம் கொண்டுபோகவில்லை.

எங்கள் சிறந்த மட்டைகளில் ஒன்றான போ பிஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் முழங்கால் பிசகி, முதல் இரண்டு தொடரிலும் அணியில் இல்லை. உலகத் தொடருக்குத்தான் சேர்த்தார்கள், அதுவும் மேஜர் லீக்கில் அதுவரை ஆடியிராத செகண்ட் பேஸில். அது துணிச்சலான முடிவு, சரியான முடிவு. ஏழாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் ஷோஹெய் ஒட்டானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார். ஆனால் அவரால் ஓட முடியவில்லை. ஆகவே ஆட்டம் நெருக்கமாக வரும்போதெல்லாம் அவருக்குப் பதிலாக வேகமாக ஓடுகிற ஐஸாயா கைனர்-ஃபலேஃபாவை இறக்கினார்கள்.

உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 18 இன்னிங்ஸ். நன்றாக அடிக்கிற பிஷெட், கேர்க், பார்ஜர் மூவரையும், வேகமாக ஓடுகிறவர்களை இறக்குவதற்காக எடுத்துவிட்டார்கள். ஸ்பிரிங்கர் காயத்தோடு ஏற்கெனவே வெளியே போயிருந்தார். ஆட்டம் சமநிலையில் இழுத்துக்கொண்டே போனபோது எங்கள் வரிசையில் பயம் காட்டக்கூடிய மட்டை விளாடிமிர் குரேரோ ஜூனியர் ஒன்றுதான். அவரைக் கவனமாகத் தாண்டிப் போனால் போதும் என்று டொட்ஜர்ஸ் போட்டது. அவர்களிடமோ வில் க்ளைன் என்கிற, அதற்கு முந்தைய தொடர்களில் அணியிலேயே இல்லாத ஒரு பிட்ச்சர் வந்து நான்கு இன்னிங்ஸ் ஓட்டம் விடாமல் போட்டுவிட்டுப் போனார். பிறகு ஃப்ரெடி ஃப்ரீமன் ஒரு அடி அடித்தார், 6-5, முடிந்தது.

ஏழாவது ஆட்டத்திலும் அதே கதை. ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, நாங்கள் அடிக்கும் முறை, 4-4, ஒரு அவுட். பிஷெட் ஒரு ஹிட் அடித்து ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கிறார். உடனே அவரை எடுத்துவிட்டு கைனர்-ஃபலேஃபா. அந்த நிமிடமே நான் அண்ணாவிடம் சொன்னேன், எடுக்கக்கூடாது என்று. முடிவைப் பார்த்துவிட்டு இப்போது சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பதினொரு பேர் சாட்சி.

ஒரு ஓட்டம் பின்னால் இருந்தால் எடுக்கலாம், ஏனென்றால் அந்த ஓட்டம் வராவிட்டால் நாளை இல்லை. சமநிலையில் இருந்தால் ஆட்டம் இன்னும் நீளலாம், அப்போது அந்த மட்டை திரும்பத் தேவைப்படும். மாற்று ஓட்டக்காரர் ஒருவேளை கொண்டுவரக்கூடிய அரை அடித் தூரத்துக்காக, நிச்சயமாகக் கையில் இருக்கிற மட்டையைக் கொடுப்பது கணக்கில் நட்டம்.

நடந்தது என்ன? பார்ஜர் வோக், கேர்க்குக்கு உடம்பில் பந்து பட்டதால் அவருக்கும் ஒரு பேஸ், எல்லா பேஸிலும் ஆள். வார்ஷோ தரையில் அடித்த பந்தை றோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிந்தார். கைனர்-ஃபலேஃபா அரை அடித் தூரத்தில் அவுட். அவர் பேஸை விட்டு ஏன் இன்னும் தள்ளி நிற்கவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒட்டி நிற்கச் சொல்லித்தான் நின்றேன் என்று அவர் பிறகு சொன்னார். அதற்கு முந்தைய நாள்தான், ஆறாவது ஆட்டத்தில், பார்ஜர் செகண்ட் பேஸிலிருந்து தள்ளி நின்று, நேராக அடித்த பந்து பிடிபட்டு, ஒரே பந்தில் இரண்டு அவுட்டாகும் டபுள் பிளேயில் ஆட்டமே முடிந்திருந்தது, அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்திருக்கும். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வேகத்துக்காகக் கொண்டுவந்த ஆளை பேஸோடு ஒட்டி நிற்க வைத்தால், பிஷெட்டை எதற்கு எடுத்தோம்?

பதினோராவது இன்னிங்ஸ் வருகிறது. எங்கள் ஷேன் பீபரின் பந்தில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன்னால் 5-4 பின்னால். விளாடி (குரேரோ) டபுள் அடித்து செகண்ட் பேஸில் நிற்கிறார், அவுட் இல்லை. அடுத்தது பிஷெட்டின் இடம். அங்கே வந்து நின்றது கைனர்-ஃபலேஃபா. பந்தை மெல்லத் தட்டிவிடுகிற பன்ட் அடித்து விளாடியை மூன்றாவது பேஸுக்குத் தள்ளினார், ஒரு அவுட் கொடுத்தோம். பார்ஜருக்கு வோக். கேர்க்கின் மட்டை உடைந்து, பந்து தரையில் போய், டபுள் பிளே. அவ்வளவுதான். அந்த இடத்தில் பிஷெட் நின்றிருந்தால் பன்ட் பேச்சே வந்திருக்காது. அடித்திருப்பார் என்று சத்தியம் செய்ய முடியாது. டொட்ஜர்ஸின் பிட்ச்சர் யமமோட்டோவுக்கு எதிரே யார் சத்தியம் செய்வது? ஆனால் அந்த மோதலைப் பார்க்கிற உரிமை எங்களுக்கு இருந்தது.

யமமோட்டோவைப் பற்றி எதிரணி ரசிகனாகவே சொல்கிறேன். இரண்டாவது ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸையும் தனியாளாக முடித்தார். அதற்கு முந்தைய மில்வாக்கி தொடரிலும் அப்படியே. அடுத்தடுத்து இரண்டு முழு ஆட்டம் பிளேயோஃபில் 2001இல் கேர்ட் ஷில்லிங்குக்குப் பிறகு யாரும் செய்யாதது. ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து. அடுத்த நாள், ஓய்வே இல்லாமல் வந்து ஏழாவது ஆட்டத்தின் கடைசி எட்டு அவுட்டையும் எடுத்தார். டொட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் றொபர்ட்ஸ் அவரை நம்பிப் பந்தைக் கொடுத்தார், திரும்ப வாங்கவில்லை. அதே றொபர்ட்ஸ் அடிக்காமல் தவித்த அண்டி பாஹெஸை ஐந்தாவது ஆட்டத்திலேயே உட்கார வைத்து, ஆறாவது ஆட்டத்தில் றோஹாஸை இறக்கியிருந்தார். ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், எல்லா பேஸிலும் ஆள் நிற்கையில், பாஹெஸை சென்டர் ஃபீல்டுக்கு அனுப்பினார். எங்கள் கிளெமென்ட் தூக்கி அடித்த பந்தை, கூட ஓடிவந்த சகவீரர் மேல் மோதியபடியே பிடித்தது அந்த பாஹெஸ்தான். உட்கார வைத்தவரைச் சரியான நேரத்துக்காகக் கையில் வைத்திருந்தார். அங்கேதான் நாங்கள் தோற்றோம், ஸ்லைடரில் இல்லை.

அதற்குப் பிந்தைய குளிர்காலத்தில் அணி எடுத்த முடிவுகள் பற்றியும் ஒரு வார்த்தை. புதுப் பிட்ச்சர் டிலன் சீஸுக்கு ஏழு வருடம், 210 மில்லியன் டொலர். சரியான செலவு, ஸ்ட்ரைக் அவுட் எடுக்கிற கை எந்த அக்டோபருக்கும் உதவும். டைலர் றோஜர்ஸ் தரையோடு கையைக் கொண்டுவந்து போடுகிறவர், யெஸாவெஜுக்கு நேர் எதிர்க்கோணம், எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. பிஷெட்டை நியூயோர்க் மெட்ஸுக்குப் போகவிட்டதுதான் நெஞ்சில் நிற்கிறது. புதிதாகச் சேர்த்த ஒகமோட்டோ நன்றாக அடிக்கலாம், அடிக்கட்டும். ஆனால் மைனர் லீக் நாட்களிலிருந்து விளாடியோடு சேர்ந்தே வளர்ந்து வந்த ஒரு பெயர் வரிசையில் இல்லை என்பதை நான் ஏப்ரலில்தான் முழுதாக உணர்வேன் போலிருக்கிறது.

அண்ணா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பிஷெட்டின் காலை வைத்துக்கொண்டு வெற்றி ஓட்டம் எடுக்க முடியுமா என்பது அவரது கேள்வி. கேட்கட்டும். ஒன்றில் மட்டும் இருவரும் ஒன்று: முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, அப்பாவுக்கும் சேர்த்து மூன்று. மாற்றுப் பிட்ச்சர்கள் காத்திருக்கிற புல்பென் கதவைத் திறந்துகொண்டு ஹோஃப்மன் வரும்போது நாங்கள் எழுந்து நின்று கைதட்டுவோம். அன்று அரங்கில் இருக்கப்போகிற நம் ஆட்கள் நீங்களும் எழுந்து நில்லுங்கள்.