புத்தகத்துக்கு இரண்டு சொற்கள்

யித்திஷ் மொழியைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இரங்கற்பா பாடித்தான் தொடங்குகிறார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசிய மொழி அது. நாஜிகள் கொன்றுகுவித்த அறுபது லட்சம் யூதர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாய்மொழி அதுதான். இருந்தாலும், ஓராண்டாகக் கைபேசிச் செயலியில் வலமிருந்து இடமாக எழுத்துக்கூட்டி அந்த மொழியைக் கற்றுவரும் எனக்கு, உயிரோடிருக்கும் ஒருவரின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒப்பாரி வைப்பதுபோல் அந்தத் தொனி உறுத்துகிறது.

மொழியியல் வகுப்புகளில் காட்டப்படும் யித்திஷ் வாக்கியம் ஒன்று உண்டு. உணவுக்குப் பிந்தைய வழிபாட்டை முடித்துவிட்டுத் தாத்தா ஒரு புனித நூல் வாங்கினார் என்பது அதன் பொருள். அதில் வழிபாட்டைக் குறிக்கும் 'பெஞ்ச்சன்' லத்தீன் வழி வந்தது. தாத்தாவைக் குறிக்கும் 'சேய்டெ' ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது. வாங்கினார் என்பது ஜெர்மானியச் சொல். நூலைக் குறிக்கும் 'சேய்ஃபர்' ஹீப்ரு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன் நதிக்கரையில் தோன்றிக் கிழக்கே போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடந்துபோன ஒரு மக்கள்கூட்டத்தின் வழித்தடம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யித்திஷில் புத்தகத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. சமயநூல் என்றால் 'சேய்ஃபர்'. கதை, கவிதை, வரலாறு, அரசியல் என்றால் ஜெர்மானிய வழி வந்த 'புக்'. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதெல்லாம் ஏறக்குறைய இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் கிடக்கிறது.

நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் தேதியிடப்பட்ட மிகப் பழைய யித்திஷ் வாக்கியம் 1272ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகர யூதர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய பெரிய வழிபாட்டு ஏடு ஒன்றில், உள்ளே வெற்றிடம் விட்டு வரையப்பட்ட பெரிய ஹீப்ரு எழுத்துகளின் வயிற்றுக்குள், பொடி எழுத்தில் யாரோ எதுகையோடு எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த ஏட்டைத் தொழுகைக்கூடத்துக்குச் சுமந்து செல்பவனுக்கு நல்ல பொழுது விடியட்டும் என்று அந்த வரி வாழ்த்துகிறது. புனித மொழி பெரிய எழுத்தாக நிற்க, வீட்டு மொழி அதன் இடுக்கில் உட்கார்ந்து புத்தகம் சுமப்பவனை வாழ்த்துகிறது.

அந்த வாழ்த்து மிகுதியாகத் தேவைப்பட்ட ஊர் வில்னா, இன்றைய லித்துவேனியத் தலைநகர் வில்னியுஸ். யித்திஷுக்கான ஆய்வு நிறுவனமாகிய யிவோ அங்கே 1925இல் தொடங்கப்பட்டது. பழமொழி, நாட்டுப்பாடல், சிறுவர் விளையாட்டு, நாடகச் சுவரொட்டி என்று கிடைத்ததையெல்லாம் ஊர் ஊராகச் சாதாரண மனிதர்கள் திரட்டி அதற்கு அனுப்பிவைத்தார்கள். அவர்களுக்கு 'சம்லர்', அதாவது சேகரிப்பவர், என்று பெயர். நாஜிகள் வந்ததும் யிவோவின் கட்டடத்தில் யூதர்களையே உட்காரவைத்து, உதவும் என்று தோன்றுவதை ஜெர்மனிக்குப் பிரித்துவைத்துவிட்டு மீதியைக் காகித ஆலைக்கு அனுப்பும்படி பணித்தார்கள். கவிஞர்களான ஆப்ரகாம் சுட்ஸ்கேவரும் ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கியும் அந்த வேலைக்கூட்டத்தில் இருந்தார்கள். மாலையில், யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற குடியிருப்பின் வாயிலில் உடலைத் தடவிச் சோதிப்பார்கள் என்று தெரிந்தும், சட்டைக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் கையெழுத்துப் படிகளைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அடுப்பெரிக்கப் பழைய காகிதம் வேண்டும் என்று சொல்லி ஜெர்மானிய அதிகாரியிடமே சுட்ஸ்கேவர் அனுமதிச் சீட்டு வாங்கினார். எரிப்பதற்காகத் தரப்பட்ட அந்தச் சீட்டின் பேரில் அரிய கையெழுத்துகள் உள்ளே போயின. ரொட்டி கடத்த வேண்டிய பட்டினிக் காலத்தில் காகிதம் கடத்துகிறார்களே என்று கெட்டோவாசிகள் சிலர் சிரித்திருக்கிறார்கள். அந்த வேலைக்கூட்டத்துக்கு ஒட்டிக்கொண்ட காகிதப் படை என்ற பெயரே கொஞ்சம் கேலியாக வந்ததுதான்.

போர் முடிந்தும் அந்தக் காகிதங்களுக்கு நிம்மதி இல்லை. மிஞ்சியவற்றைச் சோவியத் அதிகாரிகள் அழிக்க முனைந்தபோது, அந்தானஸ் உல்பிஸ் என்ற யூதரல்லாத லித்துவேனிய நூலகர் அவற்றை ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் மறைத்துவைத்தார். அவர் காப்பாற்றியவற்றுள் சுமார் 1,70,000 பக்கங்கள் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2017இல்தான் வெளிவந்தது. சுட்ஸ்கேவர் 1946 பிப்ரவரியில் நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் சாட்சி சொன்னார். யித்திஷில் பேச விரும்பிய அவரை ரஷ்ய மொழியில்தான் பேசவைத்தார்கள். கொல்லப்பட்டவர்களின் மொழிக்கு அந்த நீதிமன்றத்தில்கூட இடம் கிடைக்கவில்லை என்பதைப் படித்த நாளில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

யித்திஷை ஒடுக்கியது ஹிட்லர் மட்டும்தான் என்று நினைப்பதும் பிழை. 1952 ஆகஸ்ட் 12 அன்று மாஸ்கோவில் ஸ்டாலினின் ஆட்சி சுட்டுக்கொன்ற 13 பேரில் பெரெட்ஸ் மார்க்கிஷ், டோவிட் பெர்கெல்சன் போன்ற யித்திஷ் எழுத்தாளர்களும் இருந்தார்கள். ஹீப்ருவை அரியணையேற்றிய இஸ்ரேல், தொடக்க ஆண்டுகளில் யித்திஷை நாடுகடந்த அடிமை வாழ்வின் கொச்சையாகவே பார்த்தது. அமெரிக்காவில் யாரும் தடைபோடவில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். இது நமக்குப் பழக்கமான கதை என்பதால் இதை நீட்டவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாத புத்தகங்கள் குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்த்துத்தான் ஆரன் லான்ஸ்கி என்ற இளம் மாணவர் 1980இல் வீடு வீடாகச் சேகரிக்கக் கிளம்பினார். உலகத்தில் மிஞ்சியிருப்பது 70,000 யித்திஷ் நூல்கள் இருக்கலாம் என்று அறிஞர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் தொடங்கிய மையம் இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் சேர்த்திருக்கிறது. முதியவர்கள் அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, ஒவ்வொரு புத்தகத்தையும் எப்போது வாங்கினோம், எங்கே படித்தோம் என்று சொல்லிச் சொல்லித்தான் கையில் கொடுத்தார்களாம். மாசசூசெட்ஸ் மாநிலம் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் இருக்கும் அந்த மையத்தின் ஆயிரக்கணக்கான நூல்களை இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் மொழி அந்த அலமாரிகளில் இல்லை. நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க்கிலும் கிரியாஸ் ஜோயலிலும், லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு ஹில்லிலும், ஆன்ட்வெர்ப்பிலும் மரபில் ஊறிய சமயக் குழுக்களாகிய ஹசீதிய யூதர்களின் குழந்தைகள் இன்று காலையில்கூட யித்திஷில் சண்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போயிருப்பார்கள். அந்த வீடுகளில் பிள்ளைகளும் அதிகம் என்பதால் பேசுவோர் தொகை கூடிக்கொண்டுதான் போகிறது. எனினும் காகிதப் படையினர் உயிரைப் பணயம் வைத்துக் காத்த கவிதையும் நாடகமும் அந்த வீடுகளில் பெரும்பாலும் நுழைவதில்லை; அவை அந்தச் சமூகத்தின் கண்ணுக்குச் சமயத்தை விட்டு விலகியவர்களின் எழுத்து. சேய்ஃபர் ஒரு வீட்டிலும் புக் வேறு வீட்டிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

யித்திஷைக் கொண்டாடும் கூட்டங்களோ அந்தக் குழந்தைகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பாட்டும் வசவுச் சொற்களும் பேகல் ரொட்டியுமாக ஒரு மாலைப்பொழுதைக் கழித்துவிட்டு, பேச ஆளில்லாமல் போயிற்றே என்று வருந்துவதை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹசீதியச் சமூகத்தின் கட்டுப்பாடுகளில் எனக்கும் உடன்பாடில்லாதவை பல உண்டு. அதற்காக, மொழியைத் தொட்டிலில் வைத்து வளர்ப்பவர்கள் அவர்கள்தான் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

நான் கற்கும் செயலியில் யித்திஷ் பாடம் 2021இல் வந்தது. ஹசீதியர் பேசும் உச்சரிப்பைப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டதால், பல்கலைக்கழக உச்சரிப்பில் பழகியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நல்ல என்பதை அந்தப் பல்கலைக்கழக வழியில், அதாவது யிவோ வழியில், 'குட்' என்று சொல்ல வேண்டும். செயலியின் குரலோ 'கிட்' என்கிறது. 1272இன் அந்த வாழ்த்தில் முதல் சொல்லே அதுதான், அதில் இருப்பது 'குட்'. நான் தினமும் 'கிட்' என்றே சொல்லிப் பழகுகிறேன்.