எடை மெஷினை விடுங்கள், டேப்பை எடுங்கள்

உடம்பில் கொழுப்பே இருக்கக் கூடாது என்று பேசுகிறவர்கள் லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் கடுமையான வகையில் தோலுக்கடியில் கொழுப்புத் திசு அநேகமாக இருக்காது. வெளியே நரம்பு புடைத்து, தசை திரண்டு, பயில்வான் மாதிரித் தெரியும். உள்ளே டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) எகிறிக் கிடக்கும், கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும், சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும். மிச்சக் கொழுப்பைப் போட்டு வைக்கக் கிடங்கு இல்லாததால் அது கல்லீரலிலும் தசையிலும் போய் அடைகிறது. அவ்வளவுதான் சங்கதி.

கிடங்கு மட்டுமல்ல, கொழுப்புத் திசு ஒரு ஹார்மோன் உறுப்பும்கூட. அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அதுதான். சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து, அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதில் இந்தத் தகவல் குறைவதற்கும் பங்கு உண்டு.

கொழுப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உடல்பருமன் உள்ள பெண்களுக்கு லைப்போசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை) மூலம் வயிற்றுத் தோலடிக் கொழுப்பைக் கிட்டத்தட்ட 10 கிலோ அகற்றிப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. சுமார் மூன்று மாதம் கழித்துச் சோதித்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இன்சுலின் வேலை செய்யும் விதம் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. ஆகவே எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே கொழுப்பு என்பதே என் கேள்வி. கையால் பிடிக்க வருகிற மடிப்பு பார்க்க அசிங்கமாக இருக்கலாம், பெரிய வில்லன் அது அல்ல. குடலைச் சுற்றிய கொழுப்பு, பிடிக்க வராமல் வயிற்றை உள்ளிருந்து தள்ளுகிறதே, அதுதான் கவலைக்குரியது.

அதை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, துணிமேல் அல்லாமல் வெறும் தோலில், டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் அளவைப் பாருங்கள். டேப் தோலை அழுத்தக் கூடாது. வயிற்றை எக்குவது, பேன்ட் கட்டும் இடத்தில் அளப்பது, இரண்டும் அளவைக் குறைத்துக் காட்டும் (பேன்ட் சைஸை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம்). வந்த அளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 160 செ.மீ. உயரம் என்றால் 80-க்குள்.

ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின் உண்மையில் கொழுப்பை அளப்பதில்லை. மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடல் தரும் தடையை வைத்து ஊகிக்கிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் கொழுப்பு கூடியதாகக் காட்டிவிடும். காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில் பாருங்கள். அப்போதும் ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை, பல வாரப் போக்குக்குத்தான் மதிப்பு.

சிட்-அப் எடுத்தால் வயிற்றுத் தசை பலப்படும். அதன் மேலிருக்கும் கொழுப்பு தனியாகக் கரையாது, ஏனென்றால் தசைக்கு வேண்டிய கொழுப்பு உடம்பெங்குமிருந்து ரத்தம் வழியாக வருகிறது. ஆறுதலான விஷயம், எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே உள்வயிற்றுக் கொழுப்பு அதைவிட அதிக விகிதத்தில் இறங்கும். வேக நடை போன்ற பயிற்சியைத் தவறாமல் செய்தால் எடை முள் நகராதபோதும் இது நடக்கும். பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் தசையும் சேர்ந்து போகும். அதனால் புரதத்தையும் எடை தூக்கும் பயிற்சியையும் விடாதீர்கள்.

ஒல்லியாக இருந்து இடுப்பளவு மட்டும் பாதியைத் தாண்டுகிறவர்கள், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) சரியாக இருக்கிறது என்று இருந்துவிடாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.