40-லேயே உருட்டினால் இன்ஜின் பழகாது

"புது காரை முதல் 1000 கிலோமீட்டருக்கு 40-ஐத் தாண்டாமல், ஒரே சீராக ஓட்டினால்தான் இன்ஜின் நீடிக்கும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது, உண்மை. ஆனால் நெடுநேரம் ஒரே வேகத்தில் போவதையும் பல கார்களின் கையேடுகள் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன.

காரணம் பிஸ்டன் ரிங், அதாவது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம். புது சிலிண்டரின் உள்சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள், ஆயில் தங்குவதற்காக. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தும்போதுதான் இரண்டும் லேசாகத் தேய்ந்து பொருந்தும். சும்மா உருட்டினால் அந்த அழுத்தம் போதாது. அதிலும் ஐந்தாவது கியரில் 40-ல் போனால் வண்டி திணறி உதறும். அது இன்னும் மோசம்.

இன்ஜின் சூடான பிறகு கியரை மாற்றி மாற்றி, ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை) மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். எத்தனை கிலோமீட்டர் வரை என்பது காருக்குக் கார் மாறும். எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு மூடினோமே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத அந்தக் கையேடு, அதில் இருக்கும்.