சென்னைக்காரர்களைச் சோம்பேறி என்று திட்டுவதை நிறுத்துங்கள்

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் டிவி விவாதங்களில் இதே பேச்சுதான். "படித்தவர்கள் ஓட்டுப் போட மாட்டார்கள், லீவு விட்டால் ஈசிஆர் பக்கம் போய்விடுவார்கள்." 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் பதிவானது, மத்திய சென்னை 54-ஐக்கூடத் தொடவில்லை. கணக்கு சரி. காரணம் சோம்பல் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வாடகைக்குக் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். 11 மாத ஒப்பந்தம், வாடகை ஏறினால் வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம், அப்புறம் அதையும் தாண்டி. கேஸ் இணைப்பை மாற்றுவார்கள், பிள்ளையின் பள்ளியை மாற்றுவார்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றக் கொடுக்கவேண்டிய படிவம் 8 மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். முகவரிச் சான்றுக்கு ஒப்பந்த நகல் கேட்டாலே முகம் சுளிக்கிற வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்! 2025 டிசம்பரில் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் இடம் மாறியவர்கள் அல்லது அந்த முகவரியில் இல்லாதவர்கள் என்றது தேர்தல் ஆணையம். தவறாக நீக்கப்பட்டவர்களுக்காகப் போராடவேண்டியது தனி. ஆனால் இத்தனை பேரையும் மொத்த வாக்காளர்களில் சேர்த்து வகுத்துத்தானே அதுவரை வாக்குப்பதிவு சதவீதம் சொன்னோம்?

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாளான 2024 ஏப்ரல் 18 இரவு, சொந்த ஊர் போக கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு முண்டியடித்த கூட்டமும் சென்னையில் உழைக்கிற கூட்டம்தான். அவர்கள் போட்ட ஓட்டு ஊர்க்கணக்கில் சேர்ந்தது.

இன்னொன்று, கூப்பிட ஆள் வேண்டும். கிராமத்தில் வாக்குச்சாவடிக்குக் கொஞ்சம் தள்ளி மேசை போட்டு, பட்டியலும் கையுமாகக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் பெயருக்கு நேரே டிக் விழும். மூன்று மணிக்கு மேல் டிக் விழாத வீடுகளுக்கு ஆள் கிளம்பும். "என்ன அத்தை, இன்னும் வரலையே? வெயில் தாழ்ந்துடுச்சு, வாங்க." அத்தையும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது. கட்சிக்காரரைக் காவலாளி கேட்டைத் தாண்ட விடமாட்டார். அங்கே யார் போய் யாரைக் கூப்பிடுவது?

85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டுப் போட 2024-ல் தேர்தல் ஆணையம் வழி செய்தது. மனதார வரவேற்கிறேன். அதே அக்கறை வாடகைக்காரர் மீதும் வேண்டும். வீட்டுக்காரர் தரும் காகிதத்துக்காக அவரை அலையவிடாதீர்கள். தேர்தலுக்குப் பல மாதம் முன்பே, ஆள் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வரட்டும். அங்கே குடியிருக்கிறாரா என்று நேரில் பார்த்துவிட்டு, படிவம் 8-ஐ அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். அந்த வேலைக்கு ஆசிரியர்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் மட்டுமே நம்பியிராமல் கூடுதல் ஆட்களைப் போடுங்கள்.